வொய்ஸ் டைப்பிங் தமிழை எழுத மறுக்கிறதா? அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

விண்டோஸ் 11 உள்ள கணினியில் விண்டோஸ் பட்டனையும் எச் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் மைக் படத்தோடு ஒரு சின்னப் பெட்டி வரும். பேசினால் எழுதும், இதற்குத்தான் வொய்ஸ் டைப்பிங் என்று பெயர். அதில் தமிழும் இருக்கிறது. எதையும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இதை ஒருமுறை முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டவர்கள் நிறையப் பேர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "நம்மட தமிழ் அதுக்கு விளங்காது."

விளங்காத இடங்கள் உண்டு, அதற்கும் வருவோம். ஆனால் நான் பார்த்துக்கொடுத்த கணினிகளில் பேச்சில் பிழை இருந்தது குறைவு. ஒன்றில் மைக் அடைபட்டிருக்கும், அல்லது மொழி ஆங்கிலத்தில் நிற்கும், இல்லாவிட்டால் இன்டர்நெட் இழுபடும். ஆகவே உங்கள் உச்சரிப்பைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். கீழே உள்ளதில் உங்கள் கணினி காட்டும் அறிகுறி எதுவோ அதற்கு நேரே போகலாம்.

பெட்டியே வரவில்லை, வந்தாலும் தமிழைக் காணோம்

முதலில் உங்களிடம் இருப்பது எந்த விண்டோஸ் என்று பாருங்கள். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் 'வின்வெர்' என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டினால் தெரியும். விண்டோஸ் 10 என்று வந்தால் அதோடு தேடலை நிறுத்தலாம். அதிலும் இதே பட்டன்களுக்கு ஒரு பெட்டி வரும், ஆனால் தமிழ் கிடையாது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவையும் மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது, ஆகவே இனி வரும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. நேரே இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள், உங்களுக்கு வேறு வழி இருக்கிறது.

விண்டோஸ் 11 இருந்தும் பெட்டி வரவில்லையென்றால் கீபோர்டில் விண்டோஸ் பட்டன் வேலை செய்கிறதா என்று அதை மட்டும் தட்டிப் பாருங்கள். கேம் விளையாடப் பிள்ளைகள் வாங்கும் கீபோர்ட்களில் அந்தப் பட்டனைப் பூட்டிவைக்க ஒரு வசதி இருக்கும்.

தமிழில் சொன்னால் ஆங்கிலத்தில் ஏதோ எழுதுகிறது

களுவாஞ்சிக்குடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஓய்வூதியம் பற்றி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். "ஐயா அவர்களுக்கு" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார், திரையில் ஒன்றோடொன்று ஒட்டாத ஆங்கிலச் சொற்கள் விழுகின்றன. இன்னும் சத்தமாகச் சொன்னார். இன்னும் அதிக ஆங்கிலம் வந்தது.

"தம்பி, நாப்பது வருசம் தமிழ் படிப்பிச்ச எனக்கே இது பிழை போடுதே."

"சேர், கீழே வலது பக்கம் மணி காட்டுற இடத்துக்குப் பக்கத்தில என்ன மொழி நிக்குது எண்டு பாருங்க."

ஆங்கிலம் நின்றது. அவ்வளவுதான் விசயம். வொய்ஸ் டைப்பிங் பெட்டி நீங்கள் பேசும் மொழியைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லை, கீபோர்ட் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியாகவே எல்லாச் சத்தத்தையும் கேட்கிறது. விண்டோஸ் பட்டனோடு ஸ்பேஸ்பார் தட்டினால் மொழி மாறும். தமிழ் வந்த பிறகு பெட்டியை மூடித் திரும்பத் திறந்து பேசுங்கள்.

அந்தப் பட்டியலில் தமிழே இல்லையென்றால் சேர்க்க வேண்டும். செட்டிங்ஸில் 'டைம் அன்ட் லாங்குவேஜ்', அதற்குள் 'லாங்குவேஜ் அன்ட் ரீஜன்', அதில் 'அட் எ லாங்குவேஜ்'. தேடினால் தமிழ் ஒன்றுக்கு மேல் வரும். இலங்கைக்காரர் என்பதால் நம் கை தானாகத் தமிழ் (இலங்கை) பக்கம் போகும். அதைச் சேர்த்து வேலை செய்யாவிட்டால் சோர வேண்டாம், தமிழ் (இந்தியா) என்பதையும் சேர்த்து அதற்கு மாறிப் பாருங்கள். இரண்டும் பட்டியலில் இருப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. திரையில் வருவது அதே யூனிகோட் தமிழ்தான், அதாவது எல்லாக் கணினியும் போனும் வாசிக்கும் பொதுவான எழுத்து முறை.

கேட்பதாகக் காட்டுகிறது, ஓர் எழுத்தும் விழவில்லை

அதிகம் பேர் மாட்டுப்படும் இடம் இது.

கர்சரிலிருந்து தொடங்குங்கள். எழுத்து விழ ஓர் இடம் வேண்டும். நோட்பேடைத் திறந்து வெள்ளைப் பகுதியில் ஒருமுறை கிளிக் செய்துவிட்டுப் பேசுங்கள். நோட்பேடில் விழுந்து மற்ற மென்பொருளில் விழாவிட்டால் பிழை அந்த மென்பொருளில். நோட்பேடில் எழுதி அங்கே ஒட்டிக்கொள்வதே சுகம்.

நோட்பேடிலும் விழவில்லையா? வொய்ஸ் டைப்பிங்கை மறந்துவிட்டு, விண்டோஸோடு வரும் 'சவுண்ட் ரெக்கோடர்' என்பதைத் திறந்து இரண்டு வசனம் பேசிப் பதிந்து, திரும்பப் போட்டுக் கேளுங்கள். இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை, பாதி விடை இதில்தான் இருக்கிறது. உங்கள் குரல் உங்களுக்கே விளங்கவில்லையென்றால் கணினிக்கு எப்படி விளங்கும்?

பதிவில் ஒரு சத்தமும் இல்லையென்றால்: மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் முதலில் அதில் மைக் இருக்கிறதா என்று பார்க்கவும். பகடியாகச் சொல்லவில்லை. லேப்டொப்பில் மைக் உள்ளேயே இருப்பதால் எல்லாக் கணினியிலும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். மேசைக் கணினியின் பெட்டியில் சாதாரணமாக மைக் இருக்காது, வெப்கேம் பூட்டியிருந்தால் அதில் இருக்கலாம். போனோடு வந்த ஹெட்செட்டைக் குத்தினாலும் பல பழைய கணினிகளில் பாட்டுத்தான் கேட்கும், மைக் வேலை செய்யாது. காரணம் அதன் ஊசியில் இருக்கிறது. போன் ஹெட்செட்டின் ஊசியைப் பார்த்தால் மூன்று கறுப்பு வளையம் தெரியும், கேட்கிறதும் பேசுகிறதும் ஒரே ஊசியில். பழைய கணினியிலோ பச்சை ஓட்டை கேட்பதற்கு, இளஞ்சிவப்பு ஓட்டை மைக்குக்கு என்று வேறு வேறு. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறிய வயர் போன் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். புதிதாக வாங்கப்போகிறீர்கள் என்றால் யூஎஸ்பியில் குத்தும் ஹெட்செட்டையே வாங்குங்கள், இந்த வளையக் கணக்கெல்லாம் வேண்டாம்.

லேப்டொப்பில் சத்தம் இல்லையென்றால் கீபோர்டின் மேல் வரிசையைக் கவனியுங்கள். சில லேப்டொப்களில் மைக் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட பட்டன் ஒன்று இருக்கும், பக்கத்தில் சின்ன விளக்கு. சூம் வகுப்பு நேரம் பிள்ளைகள் அதை அழுத்திவிட்டிருப்பார்கள். அடுத்து செட்டிங்ஸில் 'பிரைவசி அன்ட் செக்யூரிட்டி', அதில் 'மைக்ரோபோன்'. மேலே உள்ள ஆளி திறந்திருக்க வேண்டும், கீழே 'லெட் டெஸ்க்டொப் அப்ஸ்' என்று தொடங்கும் ஆளியும் திறந்திருக்க வேண்டும். அதே 'பிரைவசி' பகுதியில் 'ஸ்பீச்' என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒன்லைன் பேச்சறிதலையும் திறந்துவிடுங்கள்.

அப்புறம் 'சிஸ்டம்', 'சவுண்ட்', 'இன்புட்'. இங்கே எந்த மைக் தெரிவாகியிருக்கிறது? வெப்கேம், புளூடூத் ஹெட்செட் என்று இரண்டு மூன்று தொங்கினால் விண்டோஸ் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளும். அறைக்கு வெளியே மேசையில் கிடக்கும் புளூடூத் ஹெட்செட் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க, நீங்கள் லேப்டொப்பைப் பார்த்துக் கத்துவீர்கள். சரியான மைக்கைத் தெரிவுசெய்து பேசும்போது அங்கே உள்ள கோடு ஏறி இறங்க வேண்டும். அது அசைந்தால் மைக் சரி.

பதிவில் குரல் இருக்கிறது ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால் அதே இடத்தில் இன்புட் அளவைக் கூட்டுங்கள். போதாவிட்டால் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து, 'ரெக்கோடிங்' பகுதியில் உங்கள் மைக்கின் 'ப்ரொப்பட்டீஸ்', அதில் 'லெவல்ஸ்'. பல கணினிகளில் அங்கே 'மைக்ரோபோன் பூஸ்ட்' என்று ஒன்று இருக்கும். ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். உச்சத்துக்கு ஏற்றினால் உங்கள் குரலோடு மின்விசிறியின் இரைச்சலும் ஏறிவிடும்.

மின்விசிறியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். நம் பக்கத்து வெக்கைக்கு அதை நிறுத்திவிட்டு இருந்து கடிதம் எழுதுங்கள் என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனமில்லை. நிற்கும் விசிறியாக இருந்தால் காற்று மைக்கின் மேல் நேரே விழாமல் உங்கள் முதுகுப் பக்கமாகத் திருப்பிவிட்டாலே பெரிய வித்தியாசம். ஹெட்செட் மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்துப் பக்கம் இரண்டு விரல் தள்ளி வையுங்கள், மூச்சு அடிக்காது. மாரி மழை தகரக் கூரையில் கொட்டும்போது மட்டும் இந்த வேலைக்கு உட்காராதீர்கள். எந்த மைக்கும் அதோடு மல்லுக்கட்டாது. கோயில் திருவிழா ஒலிபெருக்கி பக்கத்தில் பாடினாலும் அப்படித்தான், கடிதத்துக்குள் பாட்டின் சொல் வந்து விழலாம்.

கொஞ்சம் எழுதிவிட்டு நிற்கிறது, அல்லது பிந்திப் பிந்தி விழுகிறது

தானாக நிற்பது எப்போதும் பழுதல்ல. நீங்கள் யோசித்துக்கொண்டு சும்மா இருந்தால் அது கேட்பதை நிறுத்திவிடும். மைக் படத்தைத் திரும்ப அழுத்துங்கள். சொல்ல வேண்டியதை முதலில் ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துக்கொண்டு பேசினால் இந்தத் தொல்லை குறையும்.

பிந்தி விழுந்தால் அது இன்டர்நெட். உங்கள் குரல் உங்கள் கணினிக்குள் எழுத்தாவதில்லை. ஒன்லைனில் மைக்ரோசொப்டின் கணினிகளுக்குப் போய் அங்கே எழுத்தாகித் திரும்பி வருகிறது. இன்டர்நெட் இல்லையென்றால் எழுத்தும் இல்லை. இதில் முக்கியம், நாம் வழக்கமாகப் பார்க்கும் இறங்கும் வேகமல்ல, ஏறும் வேகம். யூடியூப் தடங்கலில்லாமல் ஓடும் வீட்டிலும் வொய்ஸ் டைப்பிங் இழுபடுவது இதனால்தான். போன் ஹொட்ஸ்பொட்டில் இருந்தால் போனை யன்னலோரம் வையுங்கள். அந்த நேரம் அதே போன் படங்களையும் வீடியோக்களையும் ஒன்லைனில் சேமித்துக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள்.

குரல் வெளியே போகிறது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பொலிஸ் முறைப்பாடு, வைத்திய அறிக்கை, வங்கிக் கணக்கு விபரம், பிறருடைய குடும்ப வழக்கு, இவற்றை நான் பேசி எழுதுவதில்லை, கையால் அடிப்பேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கும் காது இருக்கிறது.

இன்டர்நெட் நன்றாக இருந்தும் தொடர்பு கிடைக்கவில்லை என்று பெட்டி சொன்னால் கீழே உள்ள திகதியைப் பாருங்கள். பழைய கணினியின் தாய்ப்பலகையில் காசு வட்டத்தில் ஒரு சின்ன பற்றரி இருக்கும். அது செத்துவிட்டால் கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் திகதி பல வருடம் பின்னுக்குப் போகும். திகதி பிழைத்த கணினியோடு ஒன்லைன் சேவைகள் பாதுகாப்புக் கருதிப் பேச மறுக்கும். திகதியைத் திருத்தினால் உடனே சரிவரும், பற்றரியை மாற்றினால்தான் நிலைக்கும். சிறிய செலவுதான்.

எழுதுகிறது, ஆனால் தப்புத் தப்பாக

மைக் சரி, மொழி சரி, இன்டர்நெட் சரி என்று ஆன பிறகுதான் நம் பேச்சுக்கு வர வேண்டும்.

நாம் வீட்டில் கதைக்கும் தமிழை இது தடுமாறித்தான் எழுதும். "வாறன்", "சொல்லுறன்", "எண்டு", "ஒள்ளம் பொறுங்க" எல்லாம் அதற்குப் பழக்கமில்லை. பழக்கமுள்ள ஏதோ ஒரு சொல்லாக மாற்றிப் போட்டுவிடும், சில நேரம் சிரிப்பு வரும்படி. ஆனால் விண்ணப்பமும் கடிதமும் அறிக்கையும் நாம் எப்படியும் எழுத்துத் தமிழில்தானே எழுதப்போகிறோம். ஆகவே வானொலியில் செய்தி வாசிப்பவர் போல "வருகிறேன்", "சொல்கிறேன்", "என்று" என முழுச் சொல்லாகப் பேசுங்கள். முதல் இரண்டு பந்திக்கு வெட்கமாக இருக்கும், பக்கத்து அறையில் பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடும். சாதாரண வேகம் போதும். சொல்லுக்குச் சொல் நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல் பேசினால்தான் அதிகம் பிழைக்கும்.

ஏனென்றால் அது பக்கத்துச் சொற்களை வைத்தே ஊகிக்கிறது. "வலி" என்று தனியாகச் சொன்னால் வலியா, வழியா, வளியா என்று தெரிய அதற்கு வழியில்லை. நம் வாயில் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "வயலுக்குப் போகும் வழி வெள்ளத்தில் மூழ்கிவிட்டது" என்று ஒரே மூச்சில் சொன்னால் சரியாகப் போட வாய்ப்பு அதிகம். பணி, பனிக்கும் இதே மருந்து. வல்லினம் மிகும் இடங்களை மட்டும் எழுதி முடித்த பிறகு நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒற்றெழுத்தை அது போட்டாலும் போடும், விட்டாலும் விடும்.

ஊர்ப்பெயரும் வெள்ளாமைச் சொல்லும் தனித் தலையிடி. கல்முனை, பொத்துவில் போன்றவை பிழைக்காமல் வரலாம். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, சாய்ந்தமருது என்று போனால் துண்டு துண்டாக உடையலாம். "கண்டம்" என்றால் எழுதிவிடும், அது வயற்கண்டம் என்று தெரிந்தல்ல, அப்படி வேறொரு சொல்லும் இருப்பதால். வயல் வேலைகளை மேற்பார்க்கும் பொறுப்பாளரைக் குறிக்கும் "வட்டவிதானை" என்றால் திணறும். திரும்பத் திரும்ப வரும் இப்படியான சொல்லுக்கு நான் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன். கடிதத்தில் வேறெங்கும் வராத, அதற்கு நன்றாகத் தெரிந்த சொல் ஒன்றை அந்த இடத்தில் சொல்லிக்கொண்டு போவேன். வட்டவிதானைக்குப் பதில் "மாம்பழம்". முடிந்ததும் வேர்டில் கொன்ட்ரோலோடு எச் அழுத்தி, மாம்பழம் எல்லாவற்றையும் வட்டவிதானை என்று ஒரே தடவையில் மாற்றிவிடலாம். மாற்ற மறந்தால் கமநல சேவை நிலையத்துக்கு மாம்பழம் சிபாரிசு செய்ததாகக் கடிதம் போகும், அவ்வளவுதான். வேற்றுமை உருபுகளை மட்டும் கவனியுங்கள்: மாம்பழத்தின், மாம்பழத்துக்கு என்பவற்றைத் தனித்தனியாக மாற்ற வேண்டும்.

எண்களைப் பேசவே வேண்டாம். அடையாள அட்டை இலக்கம் பழையதென்றால் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், புதியதென்றால் 12 இலக்கம். இதில் ஒன்று மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும். காணி அளவும் அப்படித்தான், ஏக்கர், ரூட், பேர்ச் என்று சொல்லிக்கொண்டு போனால் எதை இலக்கத்தில் போடும், எதை எழுத்தில் போடும் என்று சொல்ல முடியாது. கையால் அடியுங்கள். கொமா, முற்றுப்புள்ளியையும் கையாலே போடுவது சுகம். "கொமா" என்று சொன்னால் கொமா என்ற சொல்லே வசனத்தின் நடுவில் வந்து உட்காரலாம்.

கொமா போட்ட இடத்தில் 'இ' தெரிகிறது

இது வொய்ஸ் டைப்பிங்கின் பிழையே இல்லை, பாமினியின் வேலை. நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்னும் பாமினி எழுத்துருதான் ஆட்சி செய்கிறது. பேசி எழுதும்போது வருவது யூனிகோட். பக்கத்தின் எழுத்துரு பாமினியாக இருந்தாலும் தமிழ் எழுத்துகள் தமக்கென்று வேறோர் எழுத்துருவை எடுத்துக்கொண்டு சரியாகத் தெரியும். ஆனால் கொமா போன்ற குறிகளும் ஆங்கில எழுத்துகளும் பாமினிக்குள் மாட்டிக்கொள்ளும். பாமினியில் கொமாவின் இடத்தில் இருப்பது 'இ'. அடையாள அட்டையைக் குறிக்க என்ஐசி என்று மூன்று ஆங்கிலப் பெரிய எழுத்தை அடித்தால் 'ேஐஊ' என்று நிற்கும். முழுவதையும் தெரிவுசெய்து எழுத்துருவை நிர்மலா யூஐ அல்லது லதாவுக்கு மாற்றினால் தீர்ந்தது.

அச்சகக்காரர் "பாமினியில்தான் வேணும்" என்று நின்றால் எழுத்துருவை மாற்றிக் கொடுப்பதால் ஆகாது. யூனிகோடைப் பாமினியாக மாற்றும் இணையப் பக்கங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒட்டி மாற்றி எடுக்க வேண்டும். மரண அறிவித்தல், 31ஆம் நாள் நினைவுப் பிரசுரம் போன்றவற்றை அச்சுக்குக் கொடுக்க முன் பெயர்களை எழுத்து எழுத்தாகப் பாருங்கள், முக்கியமாகக் கொம்பும் அரவும் சேரும் எழுத்துகளை.

எல்லாம் பார்த்தும் சரிவரவில்லை, அல்லது விண்டோஸ் 10தான் இருக்கிறது

குரோமில் கூகுள் டொக்ஸைத் திறந்து, 'டூல்ஸ்' என்பதில் 'வொய்ஸ் டைப்பிங்' தெரிவுசெய்யுங்கள். இடது பக்கம் பெரிய மைக் வரும், அதன் மேலே மொழிப் பட்டியல். அதில் தமிழுக்கு நாடு வாரியாகப் பிரிவு உண்டு, தமிழ் (இலங்கை) உட்பட. தமிழ் (இலங்கை), தமிழ் (இந்தியா) இரண்டையும் ஒரே பந்தியை வாசித்துச் சோதித்து, எது உங்கள் வாய்க்குக் குறைவாகப் பிழைக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மைக்குக்கு அனுமதி கேட்டு மேலே ஒரு சின்னப் பெட்டி வரும்போது 'அலௌ' கொடுக்க வேண்டும். தவறி 'புளொக்' அழுத்தியிருந்தால் முகவரிப் பட்டியின் இடது ஓரத்தில் உள்ள அடையாளத்தைத் தட்டித் திரும்பத் திறந்துவிடலாம். இது விண்டோஸின் மொழித் தெரிவைப் பார்ப்பதில்லை, ஆகவே பழைய கணினியிலும் ஓடும். மைக்கும் இன்டர்நெட்டும் மட்டும் இதற்கும் வேண்டும்.

மைக்கே இல்லாத மேசைக் கணினி என்றால் போனில் ஜீபோர்ட் கீபோர்டின் மைக்கைத் தட்டிப் பேசி, உங்களுக்கே வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கணினியில் வட்ஸ்அப் வெப் திறந்து கொப்பி பண்ணி வேர்டில் ஒட்டுங்கள். போனின் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் பல வீடுகளில் இதுதான் எல்லாவற்றையும் விடச் சுத்தமாக எழுதுகிறது.